இரண்டாக வெட்டினால் மாடரேஷன் ஆகிவிடாது

கிருஷ்ணகிரி மா விவசாயிகளிடம் ஓர் ஆய்வு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெங்களூரா மாங்காயின் விலை எப்போது விழுமோ என்ற கவலை, மரத்தை வெட்டிவிட்டு வேறு பயிருக்குப் போகும் எண்ணத்தைக் கூட்டுகிறது. உழவர் குழுமீது நம்பிக்கை இருந்தால் அந்த வேகம் தணியுமா? கவலை, எண்ணம், நம்பிக்கை மூன்றுமே நேரில் அளக்க முடியாத மறைமாறிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு கேள்விகள் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். இதில் நம்பிக்கைதான் மாடரேட்டர், அதாவது கவலைக்கும் எண்ணத்துக்கும் உள்ள தொடர்பின் வலிமையை மாற்றும் மாறி; அந்த மாற்றம்தான் மாடரேஷன்.

பர்கூர், போச்சம்பள்ளி என்று தோப்பு தோப்பாக அலைந்து நிரப்பிய படிவங்கள் கணினி முன்னால் வீணாவதைப் பார்த்தால் மனசு பொறுக்காது. பெரும்பாலும் அந்த வேலை நம்பிக்கையை நடுவில் வெட்டி ‘அதிகம்’, ‘குறைவு’ என்று இரண்டு குழுவாக்குவதில் தொடங்குகிறது. நடுக்கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவரும் சற்றுக் கீழே இருப்பவரும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள். அவர்களைப் பிரித்துவிட்டு, கோட்டுக்கு அருகில் இருப்பவரையும் உச்சியில் இருப்பவரையும் ஒரே கூடையில் போடுகிறோம்.

அப்புறம் வரும் முடிவு இன்னும் மோசம். கவலை எண்ணத்தை எவ்வளவு கூட்டுகிறது என்று சொல்லும் கெழு, நம்பிக்கை குறைந்த குழுவில் 0.42, கூடிய குழுவில் 0.25, இரண்டிலும் திட்டப்பிழை (மதிப்பீடு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) 0.15 என்று வையுங்கள். முதலாவது புள்ளியியல்படி முக்கியமானது, இரண்டாவது இல்லை. உடனே ‘மாடரேஷன் உண்டு’ என்று எழுதிவிடுகிறார்கள். வித்தியாசத்தைச் சோதித்துப் பாருங்கள்: 0.17, அதன் திட்டப்பிழை சுமார் 0.21. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வரும் இசட் மதிப்பு 0.8தான். ஒன்றுமே நிரூபணமாகவில்லை!

சொட்டுநீர் போட்டவர், போடாதவர் என்று இயல்பாகவே குழு இருந்தால் குழு ஒப்பீடு சரி. அப்போதும் கேள்விகளின் காரணிச் சுமைகள் (ஒவ்வொரு கேள்வியும் தன் மறைமாறியோடு எவ்வளவு ஒட்டுகிறது என்ற அளவு) இரண்டு குழுவிலும் சமமா என்று முதலில் பாருங்கள். பிறகு கவலையிலிருந்து எண்ணத்துக்குப் போகும் பாதையை இரண்டு குழுவிலும் சமமாகக் கட்டிய மாதிரியையும் (மாடலையும்) கட்டாத மாதிரியையும் கை-வர்க்க வித்தியாசத்தால் ஒப்பிடுங்கள்.

அடுத்த தவறு, கவலைக்கும் நம்பிக்கைக்கும் கேள்விகளின் சராசரியை எடுத்து, இரண்டையும் பெருக்கி ரெக்ரஷனில் போடுவது. நம்பகத்தன்மை (பிழை கலவாத பங்கு) 0.7 உள்ள, ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அளவைகளை மையப்படுத்தி (சராசரியைக் கழித்து) பெருக்கினால், பெருக்கத்தின் நம்பகத்தன்மை 0.49தான். பாதிக்கு மேல் பிழை. இருக்கும் விளைவும் மங்கிப்போகும். மறைமாறி மாதிரிக்கு நாம் வந்ததே இந்தப் பிழையைப் பிரித்தெடுக்கத்தானே?

ஆய்வாளர்கள் கென்னியும் ஜட்டும் 1984இல் காட்டிய வழி, கவலையின் ஒரு கேள்வியையும் நம்பிக்கையின் ஒரு கேள்வியையும் ஜோடி சேர்த்துப் பெருக்கி, அவற்றைப் பெருக்க மறைமாறியின் குறிகாட்டிகளாக்குவது. இன்று அதையே கட்டுப்பாடுகள் இல்லாமல் எளிதாகச் செய்யலாம்: கேள்விகளை மையப்படுத்தி, ஒரு கேள்வியை ஒரே ஜோடியில் மட்டும் சேர்த்துப் பெருக்கி, பெருக்கங்களை மறுபடி மையப்படுத்துங்கள். ஆர் மென்பொருளின் செம்டூல்ஸ் தொகுப்பில் இதற்கு வசதி இருக்கிறது. பெருக்கம் இயல்நிலைப் பரவலில் இருக்காது. ஆகவே உறுதியான (ரோபஸ்ட்) திட்டப்பிழைகளைக் கேளுங்கள். கவலை, நம்பிக்கை இரண்டின் நேரடிப் பாதைகளை மாதிரியிலிருந்து எடுத்துவிடாதீர்கள்.

கிளைனும் மூஸ்புருக்கரும் 2000இல் தந்த எல்எம்எஸ் (மறைமாறி மாடரேஷன் சமன்பாட்டு) முறையில் பெருக்கக் குறிகாட்டிகளே வேண்டாம். எம்பிளஸ் மென்பொருளில் செய்யலாம். சிஎஃப்ஐ, ஆர்எம்எஸ்இஏ என்ற பொருத்த அளவுகள் வரவில்லையே என்று பதற வேண்டாம். அந்த முறையில் அவை வழக்கமாக வராது. பெருக்கம் இல்லாத மாதிரியின் பொருத்தத்தை முதலில் காட்டி, பிறகு இரண்டு மாதிரிகளின் லாக்-லைக்லிஹுட் மதிப்புகளை (தரவோடு மாதிரி எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவை) ஒப்பிடுங்கள்.

கடைசியாக, கவலை கூடும்போது எண்ணம் எப்படி மாறுகிறது என்று காட்டும் கோடுகளை வரையுங்கள். நம்பிக்கை சராசரிக்கு ஒரு திட்டவிலக்கம் கீழே, மேலே என்று இரண்டு கோடு போதும். கெழுவின் குறியை மட்டும் பார்த்து ‘தணிக்கிறது’ என்று எழுதியவர்கள், வரைந்த பிறகு கோடு எதிர்த்திசையில் விரிவதைக் கண்டு அத்தியாயத்தையே திருத்தியிருக்கிறார்கள்.