கார்டை முதலில் வாங்காதீர்கள்: விமான சிமுலேட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு, விஆர், மானிட்டர் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விமான சிமுலேட்டர் பக்கம் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" நான் உடனே திருப்பிக் கேட்பேன்: "எதில் பார்க்கப் போகிறீர்கள்?" பெரும்பாலானவர்களிடம் அதற்குப் பதில் இருக்காது. கார்டு வாங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். பணம் வீணாகும் இடம் இதுதான். எதை ஓட்டுகிறோம், எதில் பார்க்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால், கார்டு எது என்பது பாதி தானாகவே முடிவாகிவிடும்.

கணக்கைப் பாருங்கள். சாதாரண 1080 மானிட்டரில் சுமார் 21 லட்சம் பிக்சல்கள். 1440 மானிட்டரில் 37 லட்சம். 3440×1440 அகலத் திரையில் கிட்டத்தட்ட 50 லட்சம். 4கே திரையில் 83 லட்சம். மூன்று 1440 மானிட்டர்களை வரிசையாக வைத்தால் ஒரு கோடியே பத்து லட்சம். மெட்டா குவெஸ்ட் 3 என்னும் விஆர் ஹெட்செட்டில் (கண்ணில் மாட்டிக்கொண்டு காக்பிட்டுக்குள் இருப்பதுபோல் பார்க்கும் கருவி) இரண்டு கண்களுக்கும் சேர்த்து 91 லட்சம். பைமேக்ஸ் கிரிஸ்டல் லைட் ஹெட்செட்டில் ஒரு கோடியே 66 லட்சம். ஹெட்செட்டில் லென்ஸின் வளைவைச் சரிசெய்ய வேண்டியிருப்பதால், கூர்மையான படம் வேண்டுமென்றால் இதைவிடவும் பெரிதாக வரைய வேண்டும். ஒரே கார்டு முதல் திரையில் ஓய்வாக இருக்கும், கடைசியில் மூச்சுத் திணறும். திரையைச் சொல்லாமல் "நல்ல கார்டு எது" என்று கேட்டால் யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

பிராசஸரைப் பார்க்காமல் கார்டை மாற்றுவது

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். 2020 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் வந்தபோது, சென்னை விமான நிலையத்தில் இறங்கும் நேரத்தில் படம் விட்டு விட்டு ஓடியது. கார்டுதான் காரணம் என்று நினைத்து, சேர்த்து வைத்திருந்த பணத்தில் புதிய கார்டு வாங்கினேன். வானத்தில் பறக்கும்போது படம் அழகானது. ஆனால் ஓடுபாதையை நெருங்கும்போது அதே திணறல் அப்படியே இருந்தது. கார்டு பாதி வேலையில்லாமல் காத்துக்கொண்டிருந்தது. திணறிக்கொண்டிருந்தது பிராசஸர்.

மற்ற விளையாட்டுகளைவிட விமான சிமுலேட்டரில் பிராசஸருக்கு வேலை அதிகம். ஏர்பஸ், போயிங் போன்ற பெரிய விமானங்களின் ஹைட்ராலிக், மின்சார, கணினி அமைப்புகள் அத்தனையையும் அது நொடிக்கு நொடி கணக்கிட வேண்டும். சுற்றிப் பறக்கும் மற்ற விமானங்கள், தொலைவில் தெரியும் நிலப்பரப்பு, விமான நிலையத்தின் கட்டடங்கள் எல்லாமும் அதன் தலையில்தான் விழுகின்றன. இதில் பெரும்பகுதி ஒரே த்ரெட்டில், அதாவது ஒரே வேலை வரிசையில் ஓடுவதால், கோர்களின் (பிராசஸருக்குள் இருக்கும் தனித்தனி கணக்கிடும் பகுதிகளின்) எண்ணிக்கை கூடினால் மட்டும் பயனில்லை. ஏஎம்டியின் 5800எக்ஸ்3டி, 7800எக்ஸ்3டி, 9800எக்ஸ்3டி ஆகிய பிராசஸர்கள் சிமுலேட்டர் ஆட்களிடம் இவ்வளவு பெயர் வாங்கியதற்குக் காரணம் அவற்றில் உள்ள 96 எம்பி எல்3 கேஷ், அதாவது பிராசஸருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம். சிமுலேட்டர் திரும்பத் திரும்பத் தொடும் தரவு அதில் பக்கத்திலேயே இருக்கும். ரேம் வரை போய் வர வேண்டியதில்லை.

எது தடுக்கிறது என்பதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் டெவலப்பர் மோடைப் போட்டு எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம் என்ற எண்) காட்டச் சொன்னால், மெயின் த்ரெட் (பிராசஸர்) தடுக்கிறதா, ஜிபியு (கார்டு) தடுக்கிறதா என்று அதுவே எழுதிக் காட்டும். எக்ஸ்-பிளேன் என்னும் சிமுலேட்டரிலும் பிராசஸரின் நேரத்தையும் கார்டின் நேரத்தையும் தனித்தனியாகத் திரையில் வரவழைக்கலாம். இன்னும் எளிய வழி: ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்துவிட்டு அதே ஓடுபாதையில் நில்லுங்கள். ஃபிரேம் எண்ணிக்கை நகரவே இல்லையென்றால் புதிய கார்டு உங்களுக்கு உதவாது. நிலப்பரப்பு நுணுக்கத்தை 200இலிருந்து 100க்கு இறக்கி, விமானப் போக்குவரத்தைக் குறைத்துப் பாருங்கள். பலருக்கு அதிலேயே பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கார்டின் பெயரை மட்டும் பார்ப்பது

சரி, கார்டுதான் தடுக்கிறது என்று தெரிந்துவிட்டது. அடுத்து பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல, கார்டின் உள்நினைவகத்தை, அதாவது வி-ரேமை. சிமுலேட்டர் அதை அள்ளி அள்ளித் தின்னும். 2024 பதிப்புக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பட்டியலிலேயே பரிந்துரை 8 ஜிபி, உயர்நிலைக்கு 12 ஜிபி. மேலே தனியாக வாங்கிய விமானமும் விமான நிலையமும் சேர்ந்தால் அந்த அளவு சீக்கிரம் நிரம்பும். நிரம்பியபின் கார்டு கணினியின் ரேமிலிருந்து எடுத்துவரத் தொடங்கும். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையாது. 45 ஃபிரேமிலிருந்து திடீரென ஒற்றை இலக்கத்துக்கு விழும். அதுவும் கடைசி ஐந்து மைலில், தரையிறங்கும் நேரத்தில்தான் பெரும்பாலும் நடக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ, 5060 டிஐ, ஏஎம்டியின் ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய மூன்றுமே 8 ஜிபியிலும் 16 ஜிபியிலும் வருகின்றன. பெட்டியின் மேல் பெயர் ஒன்றுதான். விலை குறைவாக இருக்கிறதே என்று 8 ஜிபியை எடுத்துவிடாதீர்கள். என் கருத்தில், இன்று சிமுலேட்டருக்காகவே கார்டு வாங்குகிறவர் 1440 மானிட்டருக்கு 12 ஜிபிக்குக் கீழே போகக் கூடாது. 4கே அல்லது விஆர் என்றால் 16 ஜிபி. பழைய கார்டு வாங்கினாலும் இதே அளவுகோல்தான்: ஆர்டிஎக்ஸ் 3080 வேகமான கார்டு, ஆனால் அதன் முதல் வடிவத்தில் 10 ஜிபிதான் உண்டு.

விளம்பர எண்களை நம்புவது இன்னொரு தவறு. 2025 தொடக்கத்தில் ஆர்டிஎக்ஸ் 5070ஐ அறிமுகம் செய்தபோது, முந்தைய உயர்நிலை கார்டான 4090இன் திறன் 549 டாலருக்கு என்று என்விடியா மேடையில் சொன்னது. அந்தக் கணக்கில், கார்டு உண்மையில் வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையில் கணித்துச் செருகும் ஃபிரேம்களும் சேர்ந்திருந்தன. மானிட்டரில் அந்த வசதி நல்லதுதான். விமானம் மெதுவாகத் திரும்பும் பொருள் என்பதால் சிமுலேட்டரில் படம் கண்ணுக்கு இதமாக ஓடும். ஆனால் ஹெட்செட்டில் அந்த ஃபிரேம் ஜெனரேஷன் வேலை செய்யாது. 4090இல் 24 ஜிபி, 5070இல் 12 ஜிபி என்ற வித்தியாசமும் மாறப்போவதில்லை. ஒப்பீட்டுப் படம் எதைப் பார்த்தாலும், ஃபிரேம் ஜெனரேஷனை அணைத்த எண்ணைத் தேடுங்கள். முடிந்தால் அதே சிமுலேட்டரில் சோதித்ததாக இருக்கட்டும். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் எடுத்த எண் இங்கே அதிகம் சொல்லாது.

பவர் சப்ளையையும் கேபினட்டின் நீளத்தையும் வாங்குவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். 4090 மட்டும் 450 வாட் இழுக்கும், 5090 575 வாட்.

மானிட்டரில் தவறான எண்ணைத் துரத்துவது

240 ஹெர்ட்ஸ், 360 ஹெர்ட்ஸ் (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கிறது என்ற எண்) என்று மானிட்டர் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். சிமுலேட்டரில் பெரும்பாலோர் பறப்பது 30 முதல் 60 ஃபிரேமுக்குள்தான். நிலையாக 40 கிடைத்தால் பயணிகள் விமானம் ஓட்ட அது தாராளம். அதற்காக 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டரே போதும் என்றும் நினைக்க வேண்டாம். ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் என்னும் வசதி, கார்டு எப்போது ஃபிரேமைக் கொடுக்கிறதோ அப்போது திரையைப் புதுப்பிக்கிறது. விலை குறைந்த 75 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் பலவற்றில் அது 48 முதல் 75 வரை மட்டும்தான் இயங்கும். நீங்கள் 38 ஃபிரேமில் தரையிறங்கும்போது, அந்த வசதி தேவைப்படும் நேரத்தில் கைவிட்டுவிடும். 120 அல்லது 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பொதுவாக, ஃபிரேம் குறைந்தால் ஒவ்வொன்றையும் இரண்டு முறை காட்டி அந்த வசதி தொடரும். 120 ஃபிரேம் வராவிட்டாலும் 120 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கச் சொல்வது இதனால்தான்.

பேனல் வகையில் ஒரே ஒரு எச்சரிக்கை. இரவுப் பயணம் பிடித்தவர் என்றால், விஏ என்னும் வகை மலிவான எல்சிடி பேனலில் இருட்டுப் பகுதிகள் நகரும்போது மை தடவியதுபோல் இழுபடும். நேரில் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஓலெட் திரையில் இரவு ஓடுபாதை விளக்குகள் நிஜம்போல இருக்கும். ஆனால் காக்பிட்டின் கருவிகள் மணிக்கணக்கில் அதே இடத்தில் நிற்பவை. தினமும் நீண்ட பயணம் போகிறவர்களுக்குத் திரையில் நிழல் படியும் அபாயம் உண்டு.

பெரிய 4கே டிவியை மானிட்டராக வைப்பது நல்ல யோசனைதான். 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் டிவியிலும் கார்டிலும் எச்டிஎம்ஐ 2.1 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்தும் ஆர்எக்ஸ் 6000 வரிசையிலிருந்தும் இருக்கிறது.

மூன்று மானிட்டர் வாங்கும் முன் ஒன்று யோசியுங்கள். பக்கவாட்டில் பார்ப்பதுதான் நோக்கம் என்றால், தலை அசைவைப் பின்தொடரும் கருவி அந்த வேலையை ஒரே மானிட்டரில் செய்துவிடும். டிராக்ஐஆர், டோபி ஐ டிராக்கர் 5 என்று விலைக்கும் கிடைக்கிறது. ஓப்பன்டிராக் என்னும் இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமை வைத்தே தலையைப் பின்தொடரும். செஸ்னா போன்ற சிறிய விமானத்தில் விமான நிலையத்தைச் சுற்றி வரும்போது, தலையைத் திருப்பினால் ஓடுபாதை தெரிகிறது என்பது எவ்வளவு பெரிய மாற்றம் என்று அனுபவித்தால்தான் புரியும். கூடுதல் மானிட்டருக்குச் செலவிடும் முன் இதை ஒரு மாதம் பழகிப் பாருங்கள்.

விஆர்: அதிக ஆசையும் அதிக ஏமாற்றமும்

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதல்முறை காக்பிட்டில் உட்காரும் அந்தக் கணம் மறக்காது. இறக்கையின் நீளம், தரைக்கும் உங்களுக்கும் உள்ள உயரம் எல்லாம் நிஜ அளவில் தெரியும். தரையிறங்கும்போது மூக்கை எப்போது தூக்குவது என்பதை விஆரில்தான் உடம்பு கற்றுக்கொள்கிறது. அதனால்தான் இதைப் பற்றித் தெளிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

பலருக்கு முதல் ஏமாற்றம் கூர்மையில் வருகிறது. 4கே என்று படித்துவிட்டு 4கே மானிட்டர் போல் இருக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள். குவெஸ்ட் 3இல் ஒரு டிகிரிக்குச் சுமார் 25 பிக்சல். 1080 மானிட்டரில் 80 டிகிரி பார்வை வைத்தால் ஒரு டிகிரிக்கு 24 பிக்சல் வருகிறது. ஆக, எழுத்தின் கூர்மை ஏறத்தாழ 1080 மானிட்டர் அளவுதான். கருவிகளின் சிறிய எண்களைப் படிக்கத் தலையை முன்னால் கொண்டுபோக வேண்டும். திரையில் எழுத்து நிறைந்த ஏர்பஸ்ஸைவிட, முள் கடிகாரங்கள் கொண்ட பழைய விமானங்கள், ஹெலிகாப்டர், டிசிஎஸ் என்னும் போர் விமான சிமுலேட்டரின் விமானங்கள் விஆரில் சுகம்.

ஃபிரேம் கணக்கும் இங்கே வேறு. ஹெட்செட் 72 ஹெர்ட்ஸில் ஓடினால், கணினி 36 ஃபிரேமை நிலையாகக் கொடுத்தால் மீதியை அது இட்டு நிரப்பும். 90 என்றால் 45 வேண்டும். அந்த எண்ணுக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தால் தலைசுற்றலும் குமட்டலும் வரும். ஆகவே புதிதாகத் தொடங்குகிறவர் 72இல் வைத்து அமைப்புகளைக் குறைத்து, நிலையாக்கிய பிறகு ஏற்றிக்கொண்டு போவதே நல்லது. அறையில் ஒரு மின்விசிறி முகத்தில் காற்றடித்தால் குமட்டல் குறைவதை நான் கண்டிருக்கிறேன். வேர்வையும் லென்ஸில் படியாது.

அப்புறம் கண்களுக்கு இடையிலான தூரம். இதை அளக்காமலே வாங்குகிறார்கள். கண்ணாடிக் கடையில் கேட்டால் நிமிடத்தில் அளந்து சொல்வார்கள். குவெஸ்ட் 3இல் லென்ஸைத் தொடர்ச்சியாக நகர்த்தலாம். விலை குறைந்த குவெஸ்ட் 3எஸ்ஸில் 58, 63, 68 மி.மீ. என்று மூன்றே நிலைகள், லென்ஸும் வளையம் வளையமாக வெட்டிய பழைய ஃபிரெனல் வகை. நடுவில் மட்டும்தான் படம் தெளிவாக இருக்கும். கீழே உள்ள கருவிகளைக் கண்ணால் மட்டும் பார்த்தால் மங்கும், தலையைக் குனிய வேண்டும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள், உங்கள் பவருக்கேற்ற லென்ஸ் செருகிகளுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள். கண்ணாடி உரசி ஹெட்செட் லென்ஸில் கீறல் விழுந்தால் சரிசெய்ய முடியாது. ஜன்னல் வெயில் லென்ஸில் பட விடாதீர்கள். அது பூதக்கண்ணாடிபோல் சூரிய ஒளியைக் குவித்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும்.

இணைப்பு முறையையும் கேளுங்கள். குவெஸ்ட் வகைகளுக்கு, கார்டிலிருந்து நேராகப் படம் வரும் டிஸ்பிளேபோர்ட் இணைப்பு கிடையாது. படத்தைச் சுருக்கி யுஎஸ்பி வழியாகவோ வைஃபை வழியாகவோ அனுப்ப வேண்டும். வைஃபை என்றால் கணினி ரவுட்டரோடு கேபிளில் இணைந்திருக்க வேண்டும், ரவுட்டர் அதே அறையில் இருப்பது நல்லது. பைமேக்ஸ் கிரிஸ்டல் லைட் டிஸ்பிளேபோர்ட்டில் நேராக இணைகிறது. சுருக்கல் இல்லை, ஆனால் அத்தனை பிக்சலையும் ஓட்டும் கார்டு வேண்டும்.

பழைய ஹெட்செட் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எச்பி ரிவெர்ப் ஜி2 ஒருகாலத்தில் சிமுலேட்டர் ஆட்களின் செல்லப்பிள்ளை, கண்ணுக்கு 2160×2160 பிக்சல். ஆனால் அது மைக்ரோசாஃப்டின் விஆர் மென்பொருளான விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியை நம்பி இயங்கிய கருவி. அதைக் கைவிடுவதாக 2023 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் நீக்கியும்விட்டது. மலிவாக வருகிறதே என்று வாங்கிவிட்டு விண்டோஸை அப்டேட் செய்தவர்கள் தவித்துப்போனார்கள். ஹெட்செட் எந்த மென்பொருளை நம்பி இருக்கிறது, அதை இன்னும் யார் பராமரிக்கிறார்கள் என்று கேட்காமல் கைமாறும் பொருளை வாங்காதீர்கள்.

போன மாதம் ஒரு நண்பர் 4090 வாங்கப் பணத்தோடு வந்தார். அவர் ஓட்டுவது பெரும்பாலும் ஏர்பஸ் ஏ320, அதுவும் இரவில், வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம். இருந்த கணினியில் சோதித்தோம். மெயின் த்ரெட் என்றுதான் காட்டியது. 7800எக்ஸ்3டி பிராசஸர், அதற்கான மதர்போர்டு, 32 ஜிபி ரேம், 16 ஜிபி கார்டு ஒன்று, 120 ஹெர்ட்ஸுக்கு மேல் போகும் 1440 மானிட்டர், வெப்கேம் என்று மொத்தத்தையும் அந்தப் பணத்துக்குள்ளேயே முடித்தோம். ஹெட்செட்டை மட்டும் இன்னும் வாங்கவில்லை. என்னுடையதை ஒரு வாரம் எடுத்துப்போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.