க்ரீமின் ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’: மூவரின் வாசிப்பை ஒப்பிட்டுக் கேட்கும் முறை

பேர்பெற்ற கலைஞர்கள் ஒன்றுசேர்ந்த ராக் குழுவில் யார் உசத்தி என்று பேசுபவர்கள் பெரும்பாலும் சோலோக்களை மட்டும் கேட்டுவிட்டு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒருவர் சோலோ வாசிக்கும்போது மற்ற இருவரும் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் உண்மையான ஒப்பீடு இருக்கிறது. கேட்டுப் பழக க்ரீம் குழுவின் 1968 இரட்டை ஆல்பம் அருமையான இடம். எரிக் கிளாப்டன் கிடார், ஜாக் புரூஸ் பேஸ், ஜிஞ்சர் பேக்கர் டிரம்ஸ். ஒரு தட்டு ஸ்டூடியோவில் பதிவானது, மற்றது மேடையில்.

முதலில் எந்தப் பாட்டில் யார் எதை வாசித்தார் என்று சரிபாருங்கள். ஸ்டூடியோ தட்டில் தயாரிப்பாளர் ஃபீலிக்ஸ் பப்பலார்டியும் வயோலா உட்படப் பல கருவிகள் வாசித்திருக்கிறார். ‘ஆஸ் யூ செட்’ பாட்டின் அக்கூஸ்டிக் கிடாரும் செல்லோவும் புரூஸுடையவை. கிளாப்டன் அதில் இல்லவே இல்லை. ஒரே ஆள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த ட்ராக்குகளும் ஸ்டூடியோ பாட்டுகளில் உண்டு. அதனால் ஒப்பீட்டுக்கு மேடைத் தட்டுதான் நம்பகமானது. அதிலும் ‘டோட்’ பெரும்பகுதி பேக்கரின் தனி ஆவர்த்தனம். ‘ட்ரெயின்டைம்’ புரூஸின் மவுத் ஆர்கனும் குரலும். இரண்டையும் ஒதுக்கிவிடுங்கள்.

‘கிராஸ்ரோட்ஸ்’ எடுத்துக்கொள்ளுங்கள். 1968 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோவின் விண்டர்லேண்டில் பதிவானது. நீளம் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். ஏ ஸ்ருதியில் 12-பார் ப்ளூஸ்: நான்கு அடி கொண்ட 12 பார்கள் சேர்ந்த ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும் வடிவம். ஒவ்வொரு 12 பாருக்கும் ஒரு வரிசை, ஆளுக்கு ஒரு கட்டம் என்று தாளில் கோடு போடுங்கள். எண்ணிக்கை தவறினால் 9-ஆம் பாருக்குக் காத்திருங்கள்: கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ‘இ’-க்கு மாறும் இடம் காதுக்குத் தெளிவாகத் தெரியும்.

ஒரு முறை கேட்கும்போது ஒருவரை மட்டும் தொடருங்கள். டிரம்ஸ் முதலில், பிறகு பேஸ், கடைசியில் கிடார். காது இயல்பாகவே கிடாரிடம் ஓடும் என்பதால்தான் இந்த வரிசை. 11, 12-ஆம் பார்களில் அடுத்த சுற்றுக்கு வழிகாட்டுவது யார்? கிளாப்டன் ஒரு நல்ல சொற்றொடரை முடித்ததும் அடுத்த பாருக்குள் பதில் தருவது யார்? குறிக்க வேண்டியவை இவையே. புரூஸ் கார்டின் அடி ஸ்வரத்தில் தங்குவதே அரிது. கிடாருக்கு எதிராக இன்னொரு மெட்டையே ஓட்டுகிறார். அதைப் பிடித்துவிட்டால் ‘பக்கவாத்தியம்’ என்ற எண்ணமே கலைந்துவிடும்.

ஸ்டீரியோ பேலன்ஸை முழுக்க இடது, முழுக்க வலது என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். அக்கால மிக்ஸ்களில் கருவிகளை இருபக்கமும் பிரித்து வைப்பது வழக்கம். டெமக்ஸ் போன்ற மென்பொருள் பாட்டைக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என நான்காகப் பிரித்துத் தரும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. புரூஸின் கிப்சன் இபி-3 பேஸ் கிடார் ஆம்ப்ளிஃபயரில் உறுமும்போது அந்த உறுமலின் மேல்பகுதி கிடாரோடு ‘மற்றவை’யில் போய்ச் சேரக்கூடும், பேஸ் ட்ராக்கை மட்டும் கேட்டால் அவர் அடக்கமாக வாசித்ததுபோல் தோன்றும். சிம்பலின் ஒலியும் குழைந்துவிடும். பிரித்த ட்ராக்கில் எந்த ஸ்வரம், எந்த அடி என்று பாருங்கள்; தொனியை மூலப் பதிவில் மட்டுமே மதிப்பிடுங்கள்.

வேகத்தை 75 சதவீதமாகக் குறைப்பது உதவும். 50-க்குக் கீழே போனால் அடியின் தொடக்கம் மழுங்கி, தாளத்தில் முந்துகிறாரா பிந்துகிறாரா என்பதே தெரியாமல் போகும். எல்லாச் சுற்றுகளையும் ஒரே பதிப்பில், ஒரே ஒலியளவில் கேளுங்கள். ஒரு டெசிபெல் கூடினாலே ‘இவர் நன்றாக வாசிக்கிறார்’ என்று காது ஏமாறும். சத்தமாக இறுக்கப்பட்ட ரீமாஸ்டரில் (பழைய பதிவைச் சீரமைத்த புதுப் பதிப்பில்) பேக்கரின் மெல்லிய அடிக்கும் பலத்த அடிக்கும் உள்ள வித்தியாசம் சுருங்கிவிடும்.

மதிப்பெண் போட்டுக் கூட்டாதீர்கள். எந்தச் சுற்றில் யார் பாட்டை நகர்த்தினார் என்று மட்டும் எழுதுங்கள். 16 நிமிடத்தைத் தாண்டும் ‘ஸ்பூன்ஃபுல்’லை இரண்டு நிமிடத் துண்டுகளாக வெட்டி இதேபோல் கேட்கலாம். அடுத்து 1969-இன் ‘பிளைண்ட் ஃபெய்த்’ ஆல்பம். கிளாப்டனும் பேக்கரும் அதிலும் உண்டு. பேஸில் ரிக் கிரெச், கீபோர்டும் குரலுமாக ஸ்டீவ் வின்வுட். புரூஸ் இல்லாதபோது பேக்கர் எத்தனை இடம் விட்டு வாசிக்கிறார் என்பதை அதே கட்டங்களில் குறியுங்கள்.