ஏற்றத்தில் ஜீப் திடீரென இழுக்கவில்லையா? உடனே பம்பைக் கழற்றாதீர்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் எஸ்டேட்டுகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டீசல் ஜீப்புகளில் திடீரென இழுவை போனால், பானெட்டைத் திறப்பதற்கு முன்பே "பம்ப் போச்சு" என்று தீர்ப்பு வந்துவிடும். என்ஜினுக்கு டீசலை அளந்து அழுத்தி அனுப்பும் அந்தப் பம்பையும், அதைத் தூவும் நாசிலையும் கழற்றி சர்வீஸுக்கு அனுப்பி, பெரிய பில் கட்டி, வண்டியை மாட்டி ஓட்டினால் அதே மேட்டில் அதே திணறல்.

இன்னொரு கூட்டம் மலையின் மேல் பழியைப் போடும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் பாகம்) இல்லாத என்ஜினுக்கு அது தெரியத்தான் செய்யும். ஆனால் நேற்று மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில் இன்று இரண்டாம் கியரிலும் முக்கினால், ராத்திரியோடு ராத்திரியாக மலை ஒன்றும் வளர்ந்துவிடவில்லை. ஏதோ அடைத்திருக்கிறது, இல்லையென்றால் ஏதோ கழன்றிருக்கிறது.

எது என்பதைப் புகை பாதி சொல்லிவிடும், அதைப் பார்க்காமலே ஸ்பேனரை எடுப்பதுதான் தவறு. பின்னால் பைக்கில் ஒருவரை வரச் சொல்லுங்கள். இழுக்காமல் கறுப்புப் புகை கக்கினால் காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், ஆயில் பாத் ஃபில்டராக (அடியில் உள்ள ஆயிலில் தூசியைப் பிடிக்கும் வகை) இருந்தால் கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றியிருக்கலாம், டர்போ வண்டியென்றால் ஹோஸ் கழன்றிருக்கலாம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தும் புகையே வரவில்லை, என்ஜினும் எழும்பவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. அப்படியும் முதலில் ஆக்ஸிலரேட்டர் கேபிள் பம்ப் லீவரைக் கடைசிவரை இழுக்கிறதா என்று ஒருவரை மிதிக்கச் சொல்லிப் பாருங்கள், காசு செலவில்லாத வேலை.

டீசல் பக்கம் எல்லோரும் ஃபில்டரை மாற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயையும் அதன் வலையையும் யாரும் நினைப்பதில்லை. பழைய டேங்கின் துருவும் சேறும் மெதுவாக அந்த வலையில் போய் ஒட்டும், லோடோடு ஏறும்போது வண்டி செத்துவிடும். ஓரங்கட்டி டீ குடித்துவிட்டு வந்தால், ஒட்டியது உதிர்ந்து வண்டி ஒன்றுமே நடக்காதது போல ஓடும். இதைத்தான் பலர் "சூடானா நிக்குது" என்று ரேடியேட்டரைப் போய் நோண்டுகிறார்கள். வண்டி திணறும்போதே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள், "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போய் இழுவை திரும்பினால் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது.

அப்புறம் காற்று உறிஞ்சுவது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை உறிஞ்சி பெரிய பம்புக்கு அனுப்பும் சின்ன பம்ப்) வரைக்கும் உள்ள லைனில் டீசல் வெளியே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும், அதனால் "ஒரு சொட்டு லீக் இல்லையே" என்பது இங்கே செல்லாது. வெடித்த ரப்பர் ஹோஸ், நசுங்கிப்போன பழைய காப்பர் வாஷரை அப்படியே திருப்பிப் போட்டது, இரண்டே போதும். ஃபீட் பம்புக்கு முன்னால் டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் ஹோஸ் ஒரு முழம் மாட்டி ஓடவிட்டால் குமிழ் ஓடுவது கண்ணுக்கே தெரியும். இதைச் சரிசெய்யாமல் ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் பம்ப்) அடித்து ஏர் எடுத்துக்கொண்டே இருந்தால் தினமும் அதே கதைதான்.

எனக்கு நம்பிக்கையான சோதனை கேன் சோதனை. டேங்க் லைனைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் கேனிலிருந்து தனி ஹோஸை நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள், மிச்ச டீசல் திரும்பும் ரிட்டர்ன் லைன் அப்படியே டேங்குக்குப் போகட்டும். கேனை அசையாமல் கட்டி, சைலன்சர் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டு, ஆள் நடமாட்டமில்லாத சின்ன மேட்டில் ஏற்றிப் பாருங்கள். பழைய இழுவை வந்துவிட்டால் கோளாறு டேங்கிலோ, அங்கிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உள்ள லைனிலோதான், பெரிய பம்பைத் தொடவே வேண்டாம்.

மூடுபனிக் காலத்தில் அரை டேங்கோடு நாள்கணக்கில் நிறுத்திய வண்டியில் தண்ணீரும் சேரும். ஃபில்டரின் அடி போல்டைத் தளர்த்தி ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் தண்ணீர் அடியில் தனியாக நிற்கும்.

என்ஜின் சத்தம் ஏறியும் வண்டி நகராவிட்டால் கிளட்ச். இறக்கம் இறங்கி வந்ததும் ஒரு சக்கரம் மட்டும் அனலாக இருந்தால் பிரேக் ஜாம். இரண்டுமே என்ஜின் கோளாறு இல்லை.

இவ்வளவும் பார்த்து, ஃபீட் பம்ப், ஃபில்டர் எல்லாம் சரி, கேன் டீசலிலும் இழுக்கவில்லை என்றால் அப்போது பம்பைக் கழற்றுங்கள், அதுவும் பம்பை மாட்டி ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் கடைக்கு மட்டும் கொடுங்கள்.