28 நாள் எப்போது முடிகிறது? பிரிட்டன் கட்டுமானத் தகராறில் கெடுவை எண்ணும் முறை

வேலையை முடித்துக் கொடுத்தாயிற்று, பில்லில் பாதிதான் வந்தது. பிரிட்டனில் இப்படி மாட்டிக்கொள்ளும் சப்-கான்ட்ராக்டர் நேராகக் கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. அட்ஜுடிகேஷன் என்ற குறுக்குவழி இருக்கிறது: நடுநிலையான தீர்ப்பாளர் ஒருவர் இரு தரப்பையும் கேட்டு, பொதுவாக 28 நாளுக்குள் முடிவு சொல்வார். 1996-ஆம் ஆண்டின் கட்டுமானச் சட்டம் தந்த உரிமை இது. 1998 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. தீர்ப்பாளர் சொல்வதைப் பின்னால் கோர்ட்டோ ஆர்பிட்ரேஷனோ மாற்றும்வரை இரு தரப்பும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். ஒன்று மட்டும்: ஒருவர் தான் குடியிருக்கும் வீட்டுக்காகப் போட்ட ஒப்பந்தத்துக்கு இந்தச் சட்டம் தானாகப் பொருந்தாது.

படி 1: நோட்டீஸ். என்ன தகராறு, எவ்வளவு பணம் கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்புக்கு எழுதி அனுப்புங்கள். எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம்.

படி 2: ஏழு நாள். நோட்டீஸ் கொடுத்த 7 நாளுக்குள் தீர்ப்பாளர் நியமனமாகி, உங்கள் முழு வாதமும் ஆவணங்களும் அடங்கிய ரெஃபரல் அவரிடம் போய்ச் சேர வேண்டும். அதனால் ரெஃபரலை எழுதி முடித்துவிட்டு நோட்டீஸ் அனுப்புவதுதான் புத்திசாலித்தனம். நோட்டீஸை அனுப்பிவிட்டு ஃபைலைத் தேடினால் அந்த ஏழு நாளும் தேடுவதிலேயே போய்விடும்.

படி 3: நாளை எண்ணுவது. ரெஃபரலிலிருந்து 28 நாளுக்குள் முடிவு வர வேண்டும். ஒப்பந்தத்தில் சட்டத்துக்கு ஏற்ற விதிகள் இல்லையென்றால் 'ஸ்கீம்' எனப்படும் அரசு விதிகள் தாமாக வந்து உட்காரும். இங்கிலாந்தில் 2011 திருத்தத்துக்குப் பிறகு, ஸ்கீம்படி தீர்ப்பாளர் ரெஃபரலைப் பெற்ற தேதியிலிருந்துதான் கணக்கு. அந்தத் தேதியை அவர் எல்லாத் தரப்புக்கும் தெரிவிக்கவும் வேண்டும். தெரிவிக்கவில்லையா? அன்றே மெயில் போட்டுக் கேட்டு வாங்கி வையுங்கள்.

ரெஃபரல் 2024 டிசம்பர் 10 அன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நாள் சேராது, 11-ஆம் தேதிதான் முதல் நாள். சனி, ஞாயிறு சேரும். கிறிஸ்துமஸ், புனித வெள்ளி, வங்கி விடுமுறை சேராது. எனவே 24-ஆம் தேதிவரை 14 நாள். 25, 26 கழிந்தன. 27 முதல் 31 வரை 5 நாள், ஆக 19. ஜனவரி 1 கழிந்தது. 2-இலிருந்து எண்ணினால் 28-ஆவது நாள் ஜனவரி 10. விடுமுறையை மறந்தவர் 7-ஆம் தேதியே கெடு முடிந்ததென்று சண்டைக்கு நிற்பார். ஸ்காட்லாந்தில் என்றால் ஜனவரி 2-உம் வங்கி விடுமுறை, கவனம்.

படி 4: கெடு நீட்டிப்பு. தகராறைக் கொண்டுவந்தவர் சம்மதித்தால் தீர்ப்பாளர் 14 நாள்வரை நீட்டிக்கலாம். நம் உதாரணத்தில் ஜனவரி 24. அதற்கு மேல் வேண்டுமென்றால், ரெஃபரலுக்குப் பிறகு இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டும். நேரம் போதாது என்று கூடுதல் நாளை ஒப்பந்தம் போடும்போதே எழுதிவைப்பது செல்லாது.

நீட்டிப்பு கேட்டு மெயில் வந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். 2007-இல் ஏ.சி. யூல் வழக்கில், கேட்டதற்குத் தெளிவான பதில் தராமல் இருந்த தரப்பு, பிறகு 'தாமதம்' என்று வாதாடிப் பார்த்தது. பேசாமல் இருந்ததே சம்மதம் என்று கோர்ட் எடுத்துக்கொண்டது. சரி என்றாலும் முடியாது என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

படி 5: கடைசி நாள். கெடு தாண்டிய பிறகு எடுக்கப்பட்ட முடிவுக்கு மதிப்பில்லை. ஸ்காட்லாந்தில் 2005-இல் ரிட்சி பிரதர்ஸ் வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னது இதுதான்: கெடுவுக்குள் முடிவும் இல்லை, நீட்டிப்பும் இல்லை என்றால் தீர்ப்பாளரின் அதிகாரம் அத்தோடு போயிற்று.

முடிவு எடுப்பது வேறு, அனுப்புவது வேறு. கெடுவுக்குள் எடுத்துவிட்டு உடனே அனுப்பினால் சின்னத் தாமதத்தைக் கோர்ட் பொறுத்துக்கொள்ளும். ஆனால் 'என் ஃபீஸ் வந்தால்தான் தருவேன்' என்று தீர்ப்பாளர் முடிவைப் பிடித்துவைக்க முடியாது. 2006 கியூபிட் வழக்கு இதைத் தெளிவாக்கியது.

கெடு தவறிப்போனால், ஸ்கீம்படி இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் புது நோட்டீஸ் கொடுத்து வேறு தீர்ப்பாளரைக் கேட்கலாம். முடிவு நேரத்துக்கு வந்து, கூட்டலில் மட்டும் பிழை என்றால், அது கைக்கு வந்த 5 நாளுக்குள் தீர்ப்பாளரே திருத்தலாம். அதனால் வந்த அன்றே கால்குலேட்டரை எடுத்து ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.