உயில் எழுதாமல் கணவர் காலமானால்: பணத்தையும் சொத்தையும் முறைப்படுத்தும் வழி

கணவர் உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்ட நிலையில், வங்கிக் கணக்கு, காப்பீடு, வீடு, நிலம், கடன் ஆகியவற்றை எந்த வரிசையில் கையாள்வது என்பதைத் தமிழ்நாட்டில் வாழும் ஒரு குடும்பத்தை மனத்தில் கொண்டு இங்கே விளக்குகிறேன். வரிசையை வலியுறுத்தக் காரணம் உண்டு. எளிதில் கிடைக்கக்கூடிய பணத்தை முதலில் பெற்றுவிட்டால், வீடு, நிலம் பற்றிய முடிவுகளை அவசரமின்றி, பிறரை அண்டி நிற்காமல் எடுக்க முடியும். பல குடும்பங்களில் இது தலைகீழாக நடக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் நிலத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. காப்பீட்டுப் பத்திரமோ பீரோவிலேயே கிடக்கிறது.

ஆகவே எந்தப் படிக்கும் முன்பாக ஒரு வேண்டுகோள். முதல் சில மாதங்களில் விடுதலைப் பத்திரம் (உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம்), பொது அதிகாரப் பத்திரம் (உங்கள் சார்பில் செயல்படப் பிறருக்கு அதிகாரம் தரும் ஆவணம்), எழுதப்படாத முத்திரைத் தாள் ஆகிய எதிலும் கையெழுத்திடாதீர்கள். மாமியாரோ கொழுந்தனாரோ நல்லெண்ணத்தோடு கேட்டாலும், "வக்கீலிடம் காட்டிவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பதிவு செய்யப்பட்ட விடுதலைப் பத்திரத்தைப் பின்னர் ரத்து செய்வது மிகக் கடினம்.

படி 1: இறப்புச் சான்றிதழ்

இறப்பை 21 நாட்களுக்குள் கட்டணமின்றிப் பதிவு செய்யலாம். நகரமாயின் மாநகராட்சி அல்லது நகராட்சி அலுவலகத்திலும், கிராமமாயின் கிராம நிர்வாக அலுவலரிடமும் பதிவு நடைபெறும். மருத்துவமனையில் இறந்திருந்தால் தகவலை மருத்துவமனையே அனுப்பும். அந்தத் தகவல் போகும் முன்பே பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்துவிடுங்கள். நம் ஊரில் ஆதாரில் தந்தை பெயர் விரிவாகவும், பாஸ்புக்கில் முன்னெழுத்தாகவும், பத்திரத்தில் வேறொரு விதமாகவும் இருப்பது வழக்கம். அந்த வேறுபாடு ஒவ்வொரு அலுவலகத்திலும் கேள்வியாகத் திரும்பி வரும். ஏற்கெனவே வேறுபாடு இருந்தால், அனைத்துப் பெயர்களும் ஒரே நபரையே குறிக்கின்றன என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் பத்து நகல்களாவது எடுத்து வையுங்கள்.

படி 2: வாரிசுச் சான்றிதழ்

இதனை வழங்குபவர் தாசில்தார். இ-சேவை மையத்தில் இறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, அனைவரின் ஆதார் ஆகியவற்றைக் கொடுத்து விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். குடும்பத்தில் யார் யார் உள்ளனர் என்பதை மட்டுமே இச்சான்றிதழ் காட்டும். யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை இது தீர்மானிப்பதில்லை. இரண்டாம் திருமணம் போன்ற தகராறுகள் இருந்தால் தாசில்தார் உரிமையியல் நீதிமன்றத்திற்குப் போகச் சொல்வார்.

படி 3: யாருக்கு எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்ளுதல்

புரொபேட் என்பது உயில் உண்மையானது என்று நீதிமன்றம் தரும் மெய்ப்புச் சான்று. உயிலே இல்லாதபோது அதற்கு வேலையில்லை. குடும்பத்திற்குப் பொருந்தும் வாரிசுரிமைச் சட்டமே சொத்தைப் பிரித்துத் தருகிறது.

இந்துக் குடும்பத்தில் இறந்தவர் ஆண் எனில், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி மனைவி, மகன்கள், மகள்கள், இறந்தவரின் தாய் ஆகியோர் தலைக்கு ஒரு பங்கு பெறுவர். மனைவி, ஒரு மகன், ஒரு மகள், தாய் என நால்வர் இருந்தால் ஆளுக்குக் கால் பங்கு. திருமணமான மகளுக்கும் அதே பங்குதான். இறந்தவரின் தந்தை, முதலில் பங்கு பெறும் இந்த முதல் வகுப்பு வாரிசுகளில் சேரார். மாமியாருக்குப் பங்கு உண்டு என்பது பல மருமகள்களுக்கும், மருமகளுக்குச் சம பங்கு உண்டு என்பது பல மாமியார்களுக்கும் தெரியாமலேயே சண்டைகள் நடக்கின்றன. கிறிஸ்தவக் குடும்பமாயின், 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மீதி பிள்ளைகளுக்கும் சேரும். முஸ்லிம் குடும்பத்தில் பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு.

பிரிப்பதற்கு முன் எது அவருடைய சொத்து என்பதைப் பாருங்கள். இருவரும் சமமாக உரிமையுள்ளவர்களாகக் கூட்டுப் பெயரில் வாங்கிய வீட்டில் உங்கள் பாதி உங்களுடையதே. அவருடைய பாதி மட்டுமே பங்கிற்கு வரும். உங்கள் தாய்வீட்டுச் சீதனமும் நகைகளும் அவர் விட்டுச்சென்ற சொத்தில் சேராது. பூர்வீகச் சொத்தின் கணக்கு வேறு என்பதால் அதற்குக் கட்டாயம் வழக்கறிஞர் தேவை.

படி 4: இருப்பையும் கடனையும் பட்டியலிடுதல்

ஒரு நோட்டில் வலப்பக்கம் வரவேண்டியவற்றையும் இடப்பக்கம் கொடுக்கவேண்டியவற்றையும் எழுதுங்கள். அவருடைய கைபேசி எண்ணை உடனே முடக்கிவிடாதீர்கள். தவணை, பிரீமியம், வட்டி பற்றிய குறுஞ்செய்திகள் அதற்குத்தான் வரும், நீங்கள் அறியாத கணக்குகளும் அப்படியே வெளிப்படும். ஆனால் இறந்தவரின் ஏ.டி.எம். அட்டையிலோ யு.பி.ஐ. வழியாகவோ பணம் எடுக்கக்கூடாது. மற்ற வாரிசுகள் பின்னாளில் அதையே குற்றச்சாட்டாக்குவார்கள்.

பாஸ்புக்கின் பதிவுகளை வரி வரியாகப் பாருங்கள். மே மாத இறுதியில் 436 ரூபாய் பிடிக்கப்பட்டிருந்தால், அது பிரதமரின் ஜீவன் ஜோதி காப்பீடு; எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் ரூபாய் தரும் திட்டம். 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு, விபத்தில் இறந்திருந்தால் அதிலும் 2 லட்சம் உண்டு. கேட்காத காரணத்தாலேயே இந்தத் தொகையை இழக்கும் ஏழைக் குடும்பங்கள் இருப்பது மனத்தை வருத்துகிறது. வங்கி மேலாளர் தானாக அழைத்துச் சொல்வார் என்று காத்திருக்க வேண்டாம்.

படி 5: நாமினி உள்ள பணத்தைப் பெறுதல்

கூட்டுக் கணக்கு "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்ற முறையில் இருந்தால் இறப்புச் சான்றிதழும் அடையாள ஆவணமும் போதும். நாமினியாக இருந்தாலும் ஏறத்தாழ அவ்வளவே. முழுமையான ஆவணங்கள் கிடைத்த 15 நாட்களுக்குள் வங்கி முடித்துத் தரவேண்டும். ஆதலால் விண்ணப்பத்தைக் கொடுத்ததற்குத் தேதியுடன் ஒப்புகை வாங்குங்கள்.

நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளரே தவிர உரிமையாளர் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 1984 முதலே பல தீர்ப்புகளில் கூறியுள்ளது. நிறுவனப் பங்குகள் (ஷேர்) குறித்து 2023இலும் அதையே உறுதிசெய்தது. திருமணத்திற்கு முன் தொடங்கிய கணக்கில் அவருடைய தம்பி நாமினியாக இருந்தால், பணம் அவர் கைக்குப் போனாலும் சட்டப்படியான வாரிசுகளின் பங்கு அப்படியே நிற்கிறது. ஆயுள் காப்பீட்டில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மனைவி, பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியதாகக் கருதப்படுகிறது.

அவர் பணியில் இருக்கும்போது இறந்திருந்தால் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவை எழுத்து மூலம் அணுகுங்கள். வருங்கால வைப்பு நிதிக்குப் படிவம் 20, குடும்ப ஓய்வூதியத்திற்கு 10-டி, அதனுடன் இணைந்த காப்பீட்டிற்கு 5-ஐ.எஃப். என மூன்று விண்ணப்பங்கள் உள்ளன. அந்தக் காப்பீடு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை தரும். பணிக்கொடைக்கான (கிராஜுவிட்டி) ஐந்தாண்டுப் பணி நிபந்தனை, இறந்தவர் விஷயத்தில் பொருந்தாது.

படி 6: நாமினி இல்லாத பணம்

2025 செப்டம்பரில் வெளியான ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தகராறு இல்லாதபோது 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கிகளாயின் 5 லட்சம் வரை, எளிய ஆவணங்களின் பேரில் வழங்க வழி உண்டு. வாரிசுச் சான்றிதழ், ஈட்டுறுதிப் பத்திரம் (பின்னர் வேறு யாராவது உரிமை கோரினால் வங்கியின் இழப்பை ஈடுசெய்வதாகத் தரும் உறுதி), கோராத மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவை தேவைப்படும். தொகை பெரிதாகவோ வாரிசுகளிடையே ஒற்றுமை இல்லாமலோ இருந்தால், நீதிமன்றம் வழங்கும் வாரிசுரிமைச் சான்றிதழைக் கேட்பார்கள். தாசில்தாரின் சான்றிதழையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கணவர் கடைசியாக வசித்த பகுதிக்குரிய நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டும். மற்ற வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்பப்படும், தொகைக்கேற்ற நீதிமன்றக் கட்டணம் உண்டு, மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரும். வைப்புத் தொகை, நிறுவனப் பங்கு, பிறரிடமிருந்து வரவேண்டிய கடன் போன்றவற்றுக்கே இது. வீட்டுக்கும் நிலத்துக்கும் இது பயன்படாது.

படி 7: கடன்கள்

கடன்காரர்கள் வாசலுக்கு வரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கணவரின் கடனுக்கு, நீங்கள் உடன் கடன்தாரராகவோ ஜாமீனாகவோ கையெழுத்திட்டிருந்தால் ஒழிய, அவர் விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு வரையே பொறுப்பு. உங்கள் சம்பளத்தையும் உங்கள் பெயரில் உள்ள நகைகளையும் அதற்காகக் கேட்க முடியாது. பிராமிசரி நோட்டைக் காட்டினால் நகல் வாங்கிக்கொண்டு, சரிபார்க்கும் வரை பதில் கூறாதீர்கள்; பகுதித் தொகையும் கொடுக்காதீர்கள். வீட்டுக் கடனுக்குக் காப்பீடு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியிடம் எழுதிக் கேளுங்கள். நகைக் கடன் இருந்தால் அதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம், கெடு தாண்டினால் நகை ஏலத்திற்குப் போய்விடும்.

படி 8: வீடும் நிலமும்

முதலில் வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரத்துடன் ஒப்பிடுங்கள். பிறகு இறப்பு, வாரிசுச் சான்றிதழ்களுடன் விண்ணப்பித்து அனைத்து வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டா பெறலாம். சொத்து வரி, மின் இணைப்பு ஆகியவற்றின் பெயர் மாற்றமும் இப்போதே செய்யத்தக்கது. இதனால் யாருடைய பங்கும் குறையாது என்பதால், பிரிப்பது பற்றி முடிவாகும் வரை இந்த நிலையிலேயே நிறுத்திவைப்பது நல்லது என்பது என் கருத்து. எல்லோரும் உடன்பட்ட பின் பாகப்பிரிவினையோ விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்யலாம்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் இருந்தால், அவர்களுடைய பங்கைத் தாயாகிய நீங்களும் நீதிமன்ற அனுமதியின்றி விற்கவோ விட்டுக்கொடுக்கவோ முடியாது. அப்படிச் செய்த விற்பனையைப் பிள்ளை பெரியவரானதும் எதிர்த்து வழக்குத் தொடுக்கலாம். உறவினர் வற்புறுத்தும்போது பணிவாக மறுப்பதற்கு இந்தச் சட்டமே உங்களுக்குத் துணை.

படி 9: வாகனமும் வருமான வரியும்

வாகனம் இருந்தால் இறப்பை 30 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதத்திற்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு வரி விதிக்கத்தக்க வருமானம் இருந்திருந்தால், நிதியாண்டின் தொடக்கத்திலிருந்து இறந்த நாள் வரையிலான கணக்கை, வருமான வரித் துறையின் இணையதளத்தில் சட்டப் பிரதிநிதியாகப் பதிவு செய்துகொண்டு நீங்கள் தாக்கல் செய்ய வேண்டும். திரும்ப வரவேண்டிய வரிப் பணம் கைக்கு வந்த பிறகே பான் அட்டையை ஒப்படையுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்பதற்காக எந்தப் படியிலும் நின்றுவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திற்கு நேரில் செல்லலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம். செல்லும்போது நான்காம் படியில் எழுதிய நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.