வறட்சியில் கலப்பின மக்காச்சோளம் எவ்வளவு விளையும்? பெற்றோரை வைத்துக் கணிக்கும் முறை

கையில் 100 இன்பிரெட் வரிசைகள் (பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையால் சீராக்கிய தூய வரிசைகள்) இருந்தால் அவற்றை ஜோடி சேர்த்து 4,950 கலப்பினங்கள் உருவாக்கலாம். அத்தனைக்கும் விதை எடுத்து, வறட்சித் திடலில் நட்டு, அறுத்து எடைபோட யாராலும் முடியாது. ஒரு பகுதியை மட்டும் நட்டு, மீதியைப் பெற்றோரின் மார்க்கர் (டிஎன்ஏ-வில் வரிசைக்கு வரிசை மாறும் அடையாளப் புள்ளிகள்) தரவிலிருந்து கணிப்பதுதான் வழி. தாவர இனவிருத்தி ஆய்வாளர் ரெக்ஸ் பெர்னார்டோ 1994-லேயே மக்காச்சோளத்தில் இதைச் செய்து காட்டினார். இன்று ஒரு மடிக்கணினியும் புள்ளியியல் கணக்குக்கான ஆர் (R) நிரல்மொழியும் போதும். ஆர்-இல் ஓர் அட்டவணையைத் திறந்து பார்க்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பெற்றோரின் விளைச்சலையே அளந்து அதிலிருந்து கணிக்கக் கூடாதா என்று முதலில் எல்லோருக்கும் தோன்றும். செடியின் உயரத்துக்கும் பூக்கும் நாளுக்கும் அது ஓரளவு சரிவரும். விளைச்சலுக்குச் சரிவராது. இன்பிரெட்டில் வெளியே தெரியும் பலவீனங்கள் பலவும் கலப்பினத்தில் மறுபக்கத்து மரபணுவால் மறைந்துவிடும். வறட்சியில் பல இன்பிரெட்டுகள் மணியே பிடிக்காமல் நின்றுவிடுவதால் ஒப்பிட எண்ணே மிஞ்சாது. அதனால் கணிக்கும் மாதிரியை (model) பழக்குவது கலப்பினங்களின் விளைச்சலை வைத்துத்தான். பெற்றோரிடமிருந்து நாம் எடுப்பது மார்க்கரை மட்டும்.

படி 1: களத் தரவு

வறட்சித் திடலையும் நீர் பாய்ச்சிய திடலையும் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள். நீர் பாய்ச்சிய திடலில் எண்களும் வேறுபாடுகளும் பெரியவை. சேர்த்துவிட்டால் கலப்பினங்களின் தரவரிசையை அதுவே தீர்மானிக்கும், வறட்சி பற்றிய செய்தி காணாமல் போகும். ஒவ்வொரு திடலுக்கும் தனித்தனியாக, மறுநடவுகளையும் (ஒரே கலப்பினத்தைத் திடலில் பல இடங்களில் நடுவது) பாத்திகளையும் கணக்கில் எடுத்து, ஒவ்வொரு கலப்பினத்துக்கும் ஒரு சரிசெய்த சராசரியை எடுங்கள்.

விளைச்சலோடு இரண்டு தேதிகளும் கட்டாயம் வேண்டும்: ஆண் பூ மகரந்தம் உதிர்த்த நாள், கதிரில் பட்டுநூல் வெளிவந்த நாள். வறட்சி வந்தால் மகரந்தம் ஏறக்குறைய வழக்கமான நாளில் உதிர்ந்துவிடும், பட்டுநூல்தான் தாமதமாகும். இடைவெளி கூடக்கூட மணி பிடிப்பது குறையும். கதிரை உரித்தால் பொக்கையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக மணிகள் இருக்கும்.

அந்தத் தேதிகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. திடலில் குறிப்பிட்ட நாளில் தண்ணீரை நிறுத்துகிறோம். சீக்கிரம் பூக்கும் கலப்பினம் மண் காய்வதற்குள் மணி பிடித்துத் தப்பித்துவிடும். அது தாங்கும் திறன் அல்ல. பூக்கும் நாளைத் துணைமாறியாக (அதன் தாக்கத்தைக் கழித்துவிட உதவும் கூடுதல் எண்ணாக) மாதிரியில் சேர்த்து ஒரு முறையும், சேர்க்காமல் ஒரு முறையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு பட்டியலிலும் மேலே நிற்பவற்றை நான் நம்புவேன்.

படி 2: உறவு அணிகள்

மார்க்கர்களை 0, 1, 2 என்று குறியுங்கள். இன்பிரெட்டில் 1 அரிதாகத்தான் வரும். நிறைய வந்தால் அந்த விதையில் கலப்படம் இருக்கலாம், விலக்கிவிடுங்கள். கலப்பினங்களுக்குத் தனியாக மார்க்கர் சோதனை தேவையில்லை. ஒரு பெற்றோர் 0, மற்றவர் 2 என்றால் பிள்ளை 1.

மார்க்கர்களை வைத்துத் தாய் வரிசைகளுக்கு ஓர் உறவு அணி (எந்த இரு வரிசைகள் எவ்வளவு ஒத்தவை என்று காட்டும் எண் கட்டம், matrix), தந்தை வரிசைகளுக்கு ஓர் உறவு அணி கணக்கிடுங்கள். மாதிரி இவ்வளவுதான்: கலப்பினத்தின் விளைச்சல் = பொதுச் சராசரி + தாயின் பொது இணைவுத்திறன் + தந்தையின் பொது இணைவுத்திறன் + அந்த ஜோடிக்கே உரிய சிறப்பு இணைவுத்திறன். பொது இணைவுத்திறன் என்பது ஒரு வரிசை தன் எல்லா ஜோடிகளிலும் சராசரியாகக் கூட்டுவதோ குறைப்பதோ. உதாரணத்துக்கு, சராசரி எக்டருக்கு 3.0 டன், தாய் +0.4, தந்தை −0.1, ஜோடி +0.2 என்றால் கணிப்பு 3.5 டன்.

சிறப்பு இணைவுத்திறனுக்கான அணியில் கவனம் வேண்டும். தாய், தந்தை அணிகள் இரண்டையும் ஒவ்வொரு கலப்பினத்துக்கும் ஒரு வரி, ஒரு நிரல் என்று விரித்துக்கொண்டு, உறுப்புக்கு உறுப்பு பெருக்க வேண்டும். ஆர்-இல் அதற்கு வெறும் நட்சத்திரக் குறி (*). சதவீதக் குறிகளுக்கு நடுவில் நட்சத்திரம் (%*%) போட்டால் அது அணிப்பெருக்கல். இரண்டு அணிகளும் ஒரே அளவு என்பதால் பிழைச்செய்தி எதுவும் வராது, தவறான எண்கள் மட்டும் வரும்.

படி 3: ஓட்டுவது

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது ஆர்-இன் பிஜிஎல்ஆர் (BGLR) தொகுப்பு. சோமர் (sommer) என்பதும் நல்ல தொகுப்புதான், ஆனால் அதில் மாதிரியை எழுதும் முறை புதியவர்களைச் சோர்வடையச் செய்யும். பிஜிஎல்ஆரில் மூன்று அணிகளையும் (விரித்த தாய் அணி, விரித்த தந்தை அணி, இரண்டையும் பெருக்கிய அணி) ஒரு பட்டியலாகக் கொடுத்தால் போதும். எந்தக் கலப்பினத்தைக் கணிக்க வேண்டுமோ அதன் விளைச்சலைக் காலியாக (NA) விட்டால் அதுவே நிரப்பித் தரும். அது கணக்கைத் திரும்பத் திரும்ப ஓட்டும் சுற்றுகளின் எண்ணிக்கை இயல்பாக 1,500 என்றிருக்கும், அது போதாது. 12,000 சுற்றுகள் வைத்து முதல் 2,000-ஐத் தள்ளிவிடுங்கள்.

படி 4: சரிபார்ப்பு

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். வழக்கம்போலக் கலப்பினங்களை ஐந்து பங்காகக் குலுக்கிப் பிரித்து, நான்கில் பழக்கி ஐந்தாவதில் சோதித்தால் ஒட்டுறவு எண் (கணிப்பும் உண்மை விளைச்சலும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) அழகாக வரும். காரணம் எளியது. சோதனைப் பங்கில் இருக்கும் கலப்பினத்தின் தாயும் தந்தையும் வேறு ஜோடிகள் வழியாகப் பழக்கும் பங்கிலும் இருக்கிறார்கள். புதிதாக வளர்த்த வரிசைகளுக்கு அந்த எண் பொருந்தாது.

மூன்று விதமாகச் சோதியுங்கள்: பெற்றோர் இருவரும் தெரிந்தவர்கள், ஒருவர் மட்டும் தெரிந்தவர், இருவருமே புதியவர்கள். பொதுவாக இந்த வரிசையிலேயே துல்லியம் குறையும். மூன்றாவதைச் செய்யும்போது சில தாய்களையும் சில தந்தைகளையும் ஒதுக்கி, அவர்களுக்குள் பிறந்த கலப்பினங்களைச் சோதனைக்கு வையுங்கள். ஒதுக்கிய தாய்க்கும் ஒதுக்காத தந்தைக்கும், ஒதுக்காத தாய்க்கும் ஒதுக்கிய தந்தைக்கும் பிறந்தவை மிஞ்சும், அவற்றைப் பழக்கும் பங்கிலிருந்தும் எடுத்துவிட வேண்டும். அதை விட்டால் ‘புதிய’ தாய் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுவார்.

அப்புறம், ஒட்டுறவை மொத்தமாகப் பார்ப்பதோடு ஒவ்வொரு தந்தைக்குள்ளும் தனியாகப் பாருங்கள். ஒரு தந்தையின் பிள்ளைகள் எல்லாம் நன்றாகவும் இன்னொருவரின் பிள்ளைகள் எல்லாம் மோசமாகவும் விளைந்தால், அந்த வேறுபாடு மட்டுமே மொத்த எண்ணைத் தூக்கிவிடும். நமக்கு வேண்டியது ஒரே தந்தையின் பிள்ளைகளுக்குள் எது மேல் என்பது.

பின்சேர்க்கை

படித்துவிட்டுச் செய்துபார்த்தவர்கள் இரண்டு சிக்கல்களைச் சொன்னார்கள். ஒரே வரிசை சில ஜோடிகளில் தாயாகவும் சிலவற்றில் தந்தையாகவும் வந்தால் என்ன செய்வது? எல்லா வரிசைகளுக்கும் ஒரே உறவு அணி வைத்துக்கொண்டு, கலப்பினங்களையும் வரிசைகளையும் இணைக்கும் அட்டவணையில் ஒவ்வொரு கலப்பினத்தின் வரியிலும் இரு பெற்றோருக்கும் 1 போடுங்கள். சோமரில் இதற்கு ஓவர்லே (overlay) என்றே ஒரு கட்டளை இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் சோமர்தான் வசதி.

இரண்டாவது, பல மாதிரிகளை ஒரே நேரத்தில் ஓட்டினால் எண்கள் குழம்புகின்றன என்றார்கள். பிஜிஎல்ஆர் ஓடும்போது இடைக்கோப்புகளை அதே கோப்புறையில் எழுதும், பெயர்கள் ஒன்றாக இருந்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும். சேவ்அட் (saveAt) என்ற இடத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் வேறு வேறு முன்னொட்டு கொடுங்கள், சரியாகிவிடும்.