சோயாவா, பட்டாணியா, கோழியா? மூக்கால் பிரித்தறியும் முறை

சுத்தமான புரதத்துக்கு மணம் கிட்டத்தட்ட இல்லை. கூடவே வரும் கொழுப்பு, சர்க்கரை, கந்தகச் சேர்மங்கள்தான் ஒன்றைச் சோயாவாகவும் இன்னொன்றைக் கோழியாகவும் காட்டுகின்றன. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

தேவையானவை: சோயா, பட்டாணிப் புரதப் பொடிகள், ஊறவைத்த சோயா, டோஃபு (சோயா பன்னீர்), கோழி, உலர்ந்த ஷிட்டாகே காளான், சோயா சாஸ். வெனிலா, சாக்லேட் கலந்த பொடி வேண்டாம். அடிப்படை மணமே தெரியாது. ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

படி 1: இரண்டு பொடிகளையும் ஒரே அளவு எடுத்து வெதுவெதுப்பான நீரில் கரைத்து மூடிவையுங்கள். கிண்ணத்தின் அடியில் பெயர் எழுதி, வேறொருவரை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் மூக்கை நம்ப முடியாது.

படி 2: மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். பட்டாணியின் கசப்பு இப்போதே பிடிபடும். சபோனின்கள் என்ற கசப்பான தாவரச் சேர்மங்கள் அதற்கு ஒரு காரணம். விரலை எடுத்ததும் தொண்டை வழியாக மணம் மேலேறும். பச்சை வாடை அப்போதுதான் தெரியும்.

படி 3: அந்த வாடை எங்கிருந்து வருகிறது? ஊறிய சோயாவைப் பாதி குளிர்ந்த நீரிலும் பாதி கொதிநீரிலும் அரையுங்கள். (கொதிநீரில் அரைக்கும்போது மூடியை இறுக்காதீர்கள், ஆவி தெறிக்கும்.) குளிர்நீரில் அரைத்ததில் லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதி கொழுப்பைச் சிதைத்து, வெட்டிய புல் போல் மணக்கும் ஹெக்ஸனாலை உண்டாக்கும். கொதிநீரில் அந்த நொதி செயலிழந்துவிடும். குடிக்கும் முன் இரண்டையும் நன்றாகக் கொதிக்கவையுங்கள். பச்சை சோயா வயிற்றுக்கு ஆகாது. பட்டாணியின் மண்வாசனைக்குக் காரணம் வேறு: மெத்தாக்சிபைரசின்கள். அவற்றை மூக்கு மிகச் சிறிய அளவிலேயே கண்டுபிடித்துவிடும் என்பதால் போக்குவது கடினம்.

படி 4: ஒரு கோழித் துண்டை வேகவையுங்கள், இன்னொன்றைச் சூடான கடாயில் சிவக்க வதக்குங்கள். நீர் 100 டிகிரியைத் தாண்டாது. ஏறத்தாழ 140 டிகிரியில்தான் அமினோ அமிலமும் சர்க்கரையும் வேகமாக வினைபுரிந்து வறுவல் மணம் எழும். இதுதான் மெயிலார்டு வினை. டோஃபுவையும் ஈரம் ஒற்றி அப்படியே வதக்குங்கள். அதுவும் சிவக்கும், ஆனால் கொட்டை வறுத்த வாசனையே வரும். இறைச்சியின் கொழுப்பும் கந்தக மணங்களும் அதில் இல்லை. தாவர இறைச்சியில் ஈஸ்ட் சாறு சேர்ப்பது இந்தக் குறையை ஈடுகட்டத்தான்.

படி 5: கடைசியில் காளான். உலர்ந்த ஷிட்டாகே ஊறிய நீரைக் கொதிக்கவைத்து, சில துளி சோயா சாஸுடன் டோஃபுவில் விடுங்கள். காளானின் குவானிலேட்டும் சோயா சாஸின் குளுட்டமேட்டும் சேர்ந்து உமாமி என்ற இறைச்சிச் சாறு போன்ற சுவையைப் பெருக்கும். சுவை இறைச்சிப் பக்கம் நகரும், மணம் காளானாகவே இருக்கும்.

மூக்கு களைத்துப்போனால் உங்கள் சட்டைக் கையையே முகர்ந்துவிட்டு அடுத்த கிண்ணத்துக்குப் போங்கள்.